தோட்டம் இருக்கு, கார் இருக்கு, பொண்ணு மட்டும் இல்லை: தப்பு யார் மேல்?

கேள்வி: பெருந்துறைப் பக்கத்துத் தம்பி, 11 ஆகஸ்ட் 2025

வயது 33. கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் ஆறு ஏக்கர், தார்சு வீடு, கார். குடி கிடையாது. ஜாதகம் கொடுத்துக் கொடுத்து ஜெராக்ஸ் கடைக்காரன் பணக்காரனாகிவிட்டான். பெண்கள் படித்துவிட்டார்கள், ஐடி மாப்பிள்ளைதான் வேண்டுமாம், விவசாயி என்றாலே போனை வைத்துவிடுகிறார்கள். கொங்கு நாட்டில் இத்தனை பையன்கள் முப்பதைத் தாண்டி நிற்பதற்குப் பெண்களின் பேராசைதான் காரணம் என்கிறேன். இல்லை என்று சொல்ல ஆள் உண்டா?

11 ஆகஸ்ட் 2025, இரவு

இருக்கிறேன். ஆடி இன்னும் முடியவில்லை, தரகர்கள் எல்லாம் சும்மாதான் உட்கார்ந்திருப்பார்கள், நாமும் பேசலாம்.

முதலில் என் வகை தெரிந்துகொள்ளுங்கள். காங்கயம் பக்கம் பிறந்து, ஊத்துக்குளிப் பக்கம் வாக்கப்பட்டு, திருப்பூரில் சின்னதாகச் செக்கிங், பேக்கிங் யூனிட் நடத்துகிறேன். 29 வயதில் ஒரே பையன், கல்யாணம் ஆகவில்லை. அதனால் தம்பி சொல்கிற வயிற்றெரிச்சல் எனக்கும் உண்டு.

ஆனால் பேராசை என்பது ஒப்பவில்லை. உங்கள் அப்பா காலத்தில் பெண் வீட்டார் கேட்காமலா கொடுத்தார்கள்? கிணற்றை எட்டிப் பார்த்து, தண்ணீர் எத்தனை அடியில் கிடக்கிறது என்று தெரிந்த பிறகுதான் காபித் தம்ளரையே கையில் எடுத்தார்கள். அன்றைக்கு அப்பன் கேட்டதை இன்றைக்குப் பெண்ணே கேட்கிறாள். அதுதான் உறைக்கிறது.

அதற்கும் முன்னால் ஒரு கணக்கு. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992ல் எங்கே தொடங்கியது? சேலத்தில். 2001 கணக்கெடுப்பில் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளில் ஆயிரம் ஆணுக்கு அந்த மாவட்டத்தில் 851 பெண்தான். தமிழ்நாடு மொத்தத்துக்கு 942. அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது 24லிருந்து 31 வயது. தரகர் பையில் இருக்கிற ஜாதகமெல்லாம் யாருடையது என்று நினைக்கிறீர்கள்? பிறக்கவே விடாதவள் எந்த ஐடி மாப்பிள்ளையைக் கேட்டாள்?

12 ஆகஸ்ட்

சேலத்துக்காரர் ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். "எங்க ஊர்க் கணக்கை வெச்சுக் கோயமுத்தூர்க்காரனுக்கு ஏன் பஞ்சாயத்து?" என்கிறார். நியாயம்தான். கோவை மாவட்டக் கணக்கு அந்த அளவு மோசம் இல்லை. ஆனாலும் கோவையிலும் பையன்கள் நிற்கிறார்கள். அப்போது வேறு என்னவோ இருக்கிறது, அதை யோசித்துவிட்டு எழுதுகிறேன். யூனிட்டில் கரண்ட் இல்லை, நேரம் நிறைய இருக்கும்.

12 ஆகஸ்ட், பிற்பகல்

யோசித்தது இது. கொங்குப் பக்கம் பிள்ளை எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வதில் மற்ற ஊர்களை முந்திக்கொண்டது. காடு துண்டாகக் கூடாது, கிணற்றில் பங்கு வரக் கூடாது. எங்கள் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, ஒரே கிணற்றுக்கு முறை வைத்துத் தண்ணீர் இறைத்து, பங்காளிகளோடு கோர்ட்டுக்கு நடந்து செருப்புத் தேய்ந்தவர். அதைப் பார்த்து வளர்ந்த என் அப்பா இரண்டோடு நிறுத்தினார். நான் ஒன்றோடு நிறுத்தினேன்.

இப்போது ஒரு ஊரில் ஒரு வருஷம் நூறு பிள்ளை பிறக்கிறது, ஐந்து வருஷம் கழித்து எண்பதுதான் பிறக்கிறது என்று வையுங்கள். பாதிக்குப் பாதி என்றால் முதல் வருஷம் 50 பையன், பிந்திய வருஷம் 40 பெண். பையன்கள் எல்லோரும் ஐந்து வயது இளையவளைத்தான் கட்டுவேன் என்றால் பத்துப் பேர் நிற்பார்கள். யாரும் ஸ்கேன் பார்க்கவில்லை, யாரும் கள்ளிப்பால் ஊற்றவில்லை, ஆனாலும் பத்துப் பேர் நிற்பார்கள். பிறப்பு வருஷா வருஷம் குறைகிற ஊரில் இதுதான் நடக்கும். 2020 கணக்கில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 பிள்ளை. ஆக இது இனியும் தொடரும்.

சேலம் கணக்கும் இதுவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

13 ஆகஸ்ட்

கரூர்க்காரர் ஒருவர்: "அக்கா, விஷயம் அவ்வளவு சுத்தி வளைக்க வேண்டியதில்லை. முதல்ல பையன் பொறந்தா நிறுத்திட்டாங்க, பொண்ணு பொறந்தா இன்னொண்ணு பார்த்தாங்க. அதனாலதான் பையன் அதிகம்."

பார்வைக்குச் சரி, கணக்கில் நிற்காது. காசைச் சுண்டிப் பாருங்கள். தலை விழுந்ததும் நிறுத்துகிறேன் என்று ஊரே சுண்டினாலும் மொத்தமாக எண்ணினால் பூவும் தலையும் கிட்டத்தட்டச் சரிபாதிதான் வரும். எப்போது நிறுத்துகிறோம் என்பது காசுக்குத் தெரியாது. எண்ணிக்கை சாய வேண்டுமானால் யாராவது காசைத் திருப்பி வைத்திருக்க வேண்டும், அதாவது ஸ்கேன். வயிற்றிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாது என்ற சட்டம் 1994ல் வந்து 1996ல் அமலானது. வந்த பிறகும் எந்த ஊரில் எந்த டாக்டர் என்று ஒறம்பரை (சொந்தக்காரர்) வீடுகளில் காதோடு காதாகப் பேசியதைக் கேட்டிருக்கிறேன்.

ஆனால் கரூர்க்காரர் சொன்னதில் வேறொன்று இருக்கிறது. பையனோடு நிறுத்தினால் அந்தப் பையனுக்கு அக்கா தங்கை இருக்க மாட்டாள். எங்கள் வீட்டில் அப்படித்தான். பிரசவ வார்டு வாசலிலேயே என் மாமியார் "பையன் பொறந்தாச்சு, போதுங்கண்ணு" என்றார். நல்ல மனுஷி, என் உடம்பை நினைத்துத்தான் சொன்னார். முதலில் பெண் பிறந்திருந்தால் என் உடம்பை நினைத்திருப்பாரா என்று இப்போது கேட்க ஆளில்லை.

24 ஆகஸ்ட்

ஆவணி பிறந்துவிட்டது. காங்கயத்தில் ஒறம்பரைக் கல்யாணம், அதைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒரு சீர் உண்டு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தாலி கட்டுவதற்கு முன்னால், மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவளைப் பட்டும் நகையுமாக, கல்யாணப் பெண் மாதிரியே அலங்கரித்து அவன் பக்கத்தில் உட்கார வைத்துச் சீர் செய்வார்கள். இன்னொரு பெண் வருவதற்கு முன்னால் கூடப் பிறந்தவளுக்கு முதல் மரியாதை. பின்னால் அவள் பிள்ளையும் இவன் பிள்ளையும் கட்டிக்கொள்ளலாம் என்ற பேச்சும் அதற்குள் இருப்பதாகப் பெரியவர்கள் சொல்வார்கள்.

கல்யாணத்தை நடத்தி வைக்கும் அருமைக்காரர் வயசானவர், காது கொஞ்சம் மந்தம். "இணைச்சீருக்குப் பொறந்தவளைக் கூப்புடுங்க" என்றார். மாப்பிள்ளை ஒரே பையன். அவன் அம்மா ஏற்கெனவே பெரியப்பா மகளைச் சொல்லி வைத்திருந்தார். அவள் எழுந்து வந்தாள், கையில் ஒன்றரை வயதுக் குழந்தை. குழந்தை விடவில்லை. மடியில் குழந்தையோடே சீர் நடந்தது. போட்டோக்காரன் "குழந்தையைக் கொஞ்சம் அக்கட்டால குடுங்கக்கா" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தான். அருமைக்காரர் சீரை முடித்துவிட்டு, "இந்த வருசத்துல எத்தனை கல்யாணத்துல பெரியப்பன் மக, சித்தப்பன் மக" என்று யாரைப் பார்த்தும் சொல்லாமல் சொன்னார். இனி வரும் தலைமுறையில் பெரியப்பனும் இருக்க மாட்டானே, அப்போது யாரை உட்கார வைப்பார்கள்?

பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். "ஃப்ரெண்டைக் கூப்பிடுவாங்க" என்றார். சிரிக்கவில்லை அவர்.

25 ஆகஸ்ட்

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு "சடங்கைப் பற்றிக் கண்ணீர் விடாதீங்க, அக்கா" என்று ஒருவர். விடவில்லை. நான் சொல்ல வந்தது தரகர் எப்படி வந்தார் என்பது.

என் அம்மாவுக்கு அண்ணன் தம்பி நாலு பேர். அப்பாவுக்கு அக்கா தங்கை மூன்று பேர். அதாவது என் அண்ணனுக்கு முறைப்பெண் என்று சொல்ல மாமன் மகள், அத்தை மகள் எல்லாம் சேர்ந்து ஒரு டஜன். அத்தனை பேரும் தெரிந்த முகம், தெரிந்த சண்டை. தரகருக்கு அங்கே வேலையே இல்லை. அம்மாவைப் பெற்ற அப்புச்சி வீட்டுக்கு லீவுக்குப் போனால் போதும், பேச்சு தானாக வரும்.

என் பையனுக்கு? எனக்கு ஒரே அண்ணன், அவனுக்கும் ஒரே பையன். என் வீட்டுக்காரருக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. ஆக மாமன் மகள் இல்லை, அத்தை மகள் இல்லை. முறைப்பெண் என்பதே இல்லை. சொந்தத்தில் கட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னதை நாங்கள் கேட்டு நடந்ததாகப் பெருமை பேசுகிறோம், கட்டுவதற்குச் சொந்தம் இருந்தால்தானே!

அந்த இடத்தில்தான் தரகர், ஜாதகக் கட்டு, மேட்ரிமோனி ஆப் எல்லாம் நுழைந்தது. முன்பு பார்த்த குணத்தை இப்போது காகிதத்தில் தேடுகிறோம், காகிதத்தில் சம்பளமும் நட்சத்திரமும்தான் இருக்கும். அப்புறம் "சம்பளம் பார்க்கிறார்கள்" என்று குறை. வேறு எதைப் பார்ப்பது? தம்பி, உங்கள் நல்ல குணத்தை எந்தக் கட்டத்தில் எழுதியிருக்கிறீர்கள்?

25 ஆகஸ்ட், இரவு

ஜாதகம் பற்றி ஒரு சில்லறைச் சேதி. விசாகம் கொழுந்தனுக்கு ஆகாது, கேட்டை மூத்த மச்சினனுக்கு ஆகாது என்று சொல்லி எத்தனை பெண்களைத் தள்ளி வைத்தார்கள்! இப்போது ஒற்றைப் பையன் வீட்டில் அண்ணனும் இல்லை தம்பியும் இல்லை, எந்த விசாகம் யாரை என்ன செய்யும்? ஆனாலும் போன மாதம் ஒரு வீட்டில் விசாகம் வேண்டாம் என்றார்கள். "உங்க பையனுக்குத் தம்பியே இல்லீங்களே" என்றேன். "இருந்தாலும் ஒரு மனக்குறைங்க" என்றார்கள்.

28 ஆகஸ்ட்

நேற்றிலிருந்து அமெரிக்க வரி 50 சதவீதம். முதலில் 25 போட்டார்கள், ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவதற்குத் தண்டனையாக இன்னொரு 25. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20தான். டிரஸ் ஒன்றுக்கு நாலணா லாபத்தில் ஓடுகிற ஊர் இது, முப்பது சதவீத வித்தியாசத்தை எங்கிருந்து தருவது? எங்கள் யூனிட்டுக்குத் துணி அனுப்பும் கம்பெனியில் அட்டைப்பெட்டி கட்டி அடுக்கி நிற்கிறது, வாங்குகிறவன் தள்ளுபடி கேட்டு மெயில் அனுப்பிக்கொண்டே இருக்கிறான். பெண்கள் ஒன்றரை ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இப்போது ஒரு ஷிஃப்ட்டோடு வீட்டுக்குப் போகச் சொல்லியிருக்கிறேன்.

இங்கே ஏன் எழுதுகிறேன் என்றால், விவசாயியை யாரும் கேட்பதில்லை என்று புலம்பிய பெருந்துறைத் தம்பிக்காக. போன வருஷம் வரை எக்ஸ்போர்ட் மாப்பிள்ளைக்குத்தான் கிராக்கி. இன்று என் சிநேகிதி பையனைப் பார்க்க வந்த பெண்ணின் அப்பா கேட்ட முதல் கேள்வி: "அமெரிக்கா ஆர்டருங்களா, ஐரோப்பா ஆர்டருங்களா?" ஐரோப்பா என்றதும் உட்கார்ந்தாராம்.

வாஷிங்டனில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் ஊத்துக்குளியில் ஜாதகம் திரும்பி வருகிறது. இதிலும் பெண்ணின் பேராசை என்று சொல்ல வேண்டுமானால் சொல்லிக்கொள்ளுங்கள்.

30 ஆகஸ்ட்

"அப்ப விவசாயி மட்டும் ஏன் வேண்டாம்? தேங்காய்க்கு இந்த வருசம் விலை இருக்கே?" பொள்ளாச்சிக்காரர் கேட்டிருக்கிறார்.

விலை இருக்கிறது. வெள்ளை ஈயும் வாடல் நோயும் இருக்கிறது. ஆனால் காரணம் அதுவல்ல. பெண்ணின் அம்மாவைக் கேளுங்கள்.

நான் வாக்கப்பட்ட வீட்டில் விடியக் காலம் நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். கட்டுத்தரையில் சாணி வழித்து, இரண்டு எருமையும் ஒரு மாடும் கறந்து, சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்தால் ஆள்களுக்குச் சோறு ஆக்க வேண்டும். களை எடுக்கும் நாளில் பதினைந்து பேருக்கு. கைவிரல் இடுக்கில் சாணி மணம் போகாது, மஞ்சள் தேய்த்தாலும் போகாது. இத்தனை செய்தும் தோட்டம் யார் பெயரில்? மாமனார் பெயரில். பால் பணம் யார் கையில்? மாமியார் கையில். "விவசாயி" என்று ஊர் சொன்னது என் வீட்டுக்காரரை. நான் "வூட்டுல இருக்கறாங்க".

இதைப் பார்த்து வளர்ந்த பெண் விவசாயி வேண்டாம் என்கிறாள். அவள் அம்மா அதைவிடச் சத்தமாகச் சொல்கிறாள். பேராசையா இது? பெண் பெயரில் இரண்டு ஏக்கர் எழுதி வைத்து, பால் பணம் அவள் கணக்கில் ஏறும் என்று சொல்லிப் பாருங்கள், தம்பி. போன் வைக்கிறார்களா என்று பார்ப்போம்.

31 ஆகஸ்ட்

பெருந்துறைத் தம்பி பதில்: "எழுதி வைக்க எங்க அய்யன் (அப்பா) ஒத்துக்கணுமே." சரி, தப்பு யார் மேல் என்ற தலைப்புக்குப் பாதிப் பதில் அவரே சொல்லிவிட்டார்.

9 செப்டம்பர்

பாலக்காட்டுப் பெண்கள் பற்றிப் பேச வேண்டும் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

உண்மைதான், இங்கிருந்து போய்ப் பெண் கட்டி வருவது பல வருஷமாக நடக்கிறது. அந்தப் பக்கம் வரதட்சணை கொடுக்க முடியாத வீடு, இந்தப் பக்கம் பெண் கிடைக்காத வீடு, நடுவில் இரண்டு பக்கமும் காசு வாங்கும் தரகர். ஏமாற்றுக் கல்யாணங்களும் உண்டு, தாலியோடும் நகையோடும் மறுவாரம் காணாமல் போனதாகச் செய்தி படித்திருப்பீர்கள். ஆனால் ஒழுங்காகக் குடித்தனம் நடத்துகிறவர்களே நான் பார்த்த வரையில் அதிகம்.

எங்கள் பக்கத்துத் தோட்டத்து மருமகள் பாலக்காடு. வந்த புதிதில் "ஏனுங்" சொல்ல வராது, இப்போது என்னைவிட நன்றாக இழுக்கிறாள். காலையில் அந்தச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) புட்டு வேகிற மணம் வரும். ஒறம்பரைகள் "என்ன கூட்டம்?" என்று, அதாவது எந்தக் குலப்பிரிவு என்று கேட்டால் மாமியார் சட்டென்று, "அவங்க ஊர்ல அதெல்லாம் பார்க்கறதில்லீங்க" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

என்னை உறுத்துவது இதுதான். மலைக்கு அந்தப்பக்கம் சாதி கேட்காமல் கட்டி வருகிறோம். மலைக்கு இந்தப்பக்கம், அதே ஊரில், அதே பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகள் விரும்பினால் வெட்டுக்கத்தி எடுக்கிறோம். உடுமலை பஸ் நிலையத்தருகே 2016 மார்ச்சில், சாதி மாறிக் கட்டியதற்காகச் சங்கர் என்ற பையனைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றது யாருக்கும் மறந்திருக்காது. அந்தப் பையனும் பெண்ணும் பொறியியல் படித்தவர்கள். பாலக்காட்டுக்குக் கண்ணை மூடிக்கொள்கிற சாதி, பக்கத்துத் தெருவுக்கு மட்டும் ஏன் கண்ணைத் திறக்கிறது? தூரத்தில் இருந்து வந்தவள் இங்கே வந்து பங்கு கேட்க மாட்டாள், அவள் அண்ணன் நம் திண்ணையில் சமமாக உட்கார மாட்டான், அதனால்தான் என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் மறுக்கலாம், வசவு வேண்டாம்.

10 செப்டம்பர்

வசவு வந்தது. "கூட்டம், குலதெய்வம் எல்லாம் மதம், அதுல கை வைக்காதீங்க" என்கிறார் ஒருவர்.

கை வைக்கவில்லை அண்ணா. என் பிறந்த வீட்டுக் குலதெய்வத்துக்கு வருஷம் தவறாமல் பொங்கல் வைக்கிறேன். ஒரே கூட்டத்துக்குள் கட்டக் கூடாது, அவர்கள் பங்காளிகள் என்பதும் எனக்குப் புரிகிற நியாயம். ஆனால் பக்கத்துத் தெருப் பையனை வெட்டு என்று எந்தக் குலதெய்வம் பூக் கொடுத்தது?

இன்னொருவர் பெரியாரை இழுத்திருக்கிறார். இழுக்கலாம், நம்ம ஈரோட்டுக்காரர்தானே. சுயமரியாதைக்காரர்களின் இரண்டாவது மாகாண மாநாடு 1930ல் ஈரோட்டில் நடந்தது. ஐயரும் அக்னியும் இல்லாத கல்யாணத்தை அவர்கள் நடத்திக்கொண்டே இருந்தார்கள், சட்டம் அதை ஏற்க 1967ல் அண்ணா ஆட்சி வர வேண்டியிருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால் எங்கள் பழைய கல்யாணங்களிலும் ஐயர் கிடையாது. அருமைக்காரர்தான் நடத்தி வைப்பார், நாவிதரான குடிமகன் மங்கல வாழ்த்துப் பாடுவார். ஐயர் வந்தது பிற்பாடு, மண்டபமும் வீடியோவும் வந்த மாதிரி. "எங்க வழக்கம், எங்க வழக்கம்" என்கிறவர்கள் எந்த வருஷத்து வழக்கம் என்று சொல்லிவிட்டால் சண்டை பாதி குறையும்.

23 செப்டம்பர்

புரட்டாசி. கல்யாணப் பேச்சு இல்லை, கறியும் இல்லை. நேற்றிலிருந்து ஜிஎஸ்டி மாற்றம், 2,500 ரூபாய் வரைக்கும் உள்ள துணிமணிக்கு 5 சதவீதம். போன வருஷம் கோவையில் நிதியமைச்சரிடம் ஓட்டல்காரர் ஒருவர் பன்னுக்கு வரி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதம் என்று சொன்னாரே, அது ஞாபகம் வந்தது. நம்ம ஊர்ப் பையன்களும் அப்படித்தான். தனியாக நின்றால் யாரும் கேட்பதில்லை, பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து பேக்கரியில் டீ குடித்தால் ஊர் முழுக்க வரி போடுகிறது.

14 அக்டோபர்

பவுன் 90,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. உடனே ஒருவர் சிவன்மலைப் பெட்டியை எடுத்துவிட்டார்.

வெளியூர்க்காரர்களுக்கு: காங்கயம் பக்கம் சிவன்மலை முருகன் கோயிலில் ஒரு கண்ணாடிப் பெட்டி. யாராவது பக்தர் கனவில் ஆண்டவர் வந்து ஒரு பொருளைச் சொல்வார். கோயிலில் சொன்னால் சாமியிடம் பூப் போட்டுக் கேட்பார்கள், உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருள் பெட்டிக்குள் போகும். அடுத்த ஆள் கனவு வரைக்கும் அதுதான் இருக்கும், கெடு ஒன்றும் கிடையாது. மண் வைத்தபோது நிலம் விலை ஏறியது, தண்ணீர் வைத்தபோது சுனாமி வந்தது, தங்கம் வைத்தபோது தங்கம் ஏறியது என்பார்கள்.

நான் பிறந்த ஊரிலிருந்து கோபுரம் தெரியும், கும்பிடாமல் தாண்ட மாட்டேன். ஆனால் இந்த வாதம் ஒட்டவில்லை. தங்கம் எந்தப் பத்து வருஷத்தில் ஏறாமல் இருந்தது? வைத்த பொருள் எதுவும் ஆகாமல் போனால் அதை யாரும் பேசுவதில்லை. ஏறினால் ஏற்றம், இறங்கினால் "பாதிப்பைச் சொன்னார்" என்பது. எப்படி வைத்தாலும் ஆண்டவர் ஜெயிப்பார், ஜெயிக்கட்டும். அதை வைத்துப் பவுன் வாங்கலாமா என்று முடிவு பண்ணாதீர்கள்.

கல்யாணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. பெண் குறைவு என்றால் வரதட்சணை குறைய வேண்டும் அல்லவா, பொருளாதாரம் படித்தவர்கள் சொல்லுங்கள். சில வீடுகளில் குறைந்திருக்கிறது, மாப்பிள்ளை வீட்டாரே மண்டபச் செலவு ஏற்பதைப் பார்க்கிறேன். ஆனால் நல்ல வேலை, கோவையில் பிளாட் என்று இருக்கிற சில பையன்களுக்கு மட்டும் பவுன் கணக்கு ஏறுகிறது. எல்லோரும் அந்தச் சில பேரைத்தான் துரத்துகிறார்கள். சந்தையில் மாடு குறைந்தாலும் கண்ணபுரத்தில் நல்ல காங்கயம் காளைக்குத்தான் கூட்டம்.

19 அக்டோபர்

நாளை தீபாவளி, முறுக்கு பிழிந்து கை வலிக்கிறது, சுருக்கமாக. ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் பற்றிப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி பாஷா தலைமையில் ஆணையம் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்திருக்கிறார். "ஏற்கெனவே கொலைக்குச் சட்டம் இருக்கே" என்று இங்கே நாலு பேர்.

இருக்கிறது. 2015ல் திருச்செங்கோட்டுக் கோயிலுக்குப் போன கோகுல்ராஜ் என்ற பையன், ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்ததற்காக மறுநாள் தண்டவாளத்தில் கிடந்தான். தண்டனை வர 2022 ஆனது. அந்த மலையில் இருக்கும் சாமி பாதி ஆண், பாதி பெண். கொலைக்கு முன்னால், பெண்ணை வீட்டுக்குள் பூட்டி வைக்கும்போதே, மிரட்டும்போதே பிடிக்க ஒரு சட்டம் வேண்டும் என்பது என் கட்சி. எழுதுவது சுலபம், ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பவரும் நம்ம ஊர்க்காரர்தான் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

3 நவம்பர்

"எல்லாருக்கும் சொல்றீங்களே, உங்க பையனுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டவர்களுக்கு.

கோவையில் அவனோடு வேலை செய்யும் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவனைவிட ஒரு வயது மூத்தவள். சேதி தெரிந்தபோது எனக்கு முதலில் தைத்தது சாதி அல்ல, வயசுதான். ஐந்து வயது இளையவளைத் தேடுவதுதான் பற்றாக்குறைக்குக் காரணம் என்று ஆகஸ்டில் இங்கே நூறும் எண்பதுமாகக் கணக்குப் போட்டவள் நான்! கணக்கு எனக்குத் தெரியும், மனசுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. அவன் அப்பாவுக்கு வேறு கவலை, "இணைச்சீருக்கு யாரு?" என்கிறார். அவள் ஊர், பேர், சாதி எல்லாம் இங்கே எழுத மாட்டேன், அது அவர்கள் சேதி. அவளை ஒரு தரம் பார்த்தேன். பேக்கரியில் என் டீக்கும் சேர்த்து அவளே காசு கொடுத்தாள், என்னைக் கேட்கவில்லை.

8 நவம்பர்

கரூர்க்காரர் மறுபடி வந்திருக்கிறார். இந்த முறை சொந்தக் கேள்வி. ஆகஸ்டில் நான் "பெண் பெயரில் எழுதுங்கள்" என்றதைப் பிடித்துக்கொண்டு, "அதெல்லாம் சரி, எங்க தங்கச்சி 1996ல கல்யாணம் ஆனவ. அய்யன் தவறிட்டாரு, பாகம் இன்னும் பிரிக்கலை. அவகிட்ட விடுதலைப் பத்திரம் வாங்கிக்கலாமுங்களா, எவ்வளவு குடுக்கறது?" என்று கேட்கிறார்.

அண்ணா, உங்கள் நிலம் பூர்வீகமானால் அவளுக்கு உங்களோடு சமபங்கு. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலே மகளுக்குப் பிறப்புரிமை உண்டு, அதற்கு முன்னால் கல்யாணம் ஆனவர்களை மட்டும் விட்டிருந்தார்கள். 2005 திருத்தத்தில் அந்த வேறுபாடும் போனது. அப்பா அப்போது உயிரோடு இருந்தாரா இல்லையா என்பது பொருட்டில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020ல் சொல்லிவிட்டது.

நானும் என் பங்கை விட்டுக்கொடுத்து ஒரு விடுதலைப் பத்திரம் போட்டவள்தான். பத்திர எழுத்தர் ஆபீஸில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அண்ணன் எனக்கு ஒரு சர்பத் வாங்கிக் கொடுத்தான். தொகை எவ்வளவு என்று எழுத்தர் படித்தபோது மின்விசிறிச் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தரம் படியுங்கள் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. கட்டை விரலில் மையைத் துடைக்கத் தேங்காய் எண்ணெய் தடவிய துணி வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்குப் போட்ட நகையைச் சொல்லி, "அதுதானே உன் பங்கு" என்றார்கள், நானும் தலையை ஆட்டினேன். நான் விட்டுக்கொடுத்த இடம் இப்போது திருப்பூர் ரோட்டோரம், சைட் போட்டு விற்கிறார்கள். அண்ணனோடு எனக்குச் சண்டை இல்லை. பதிவான பத்திரம், திருப்ப முடியாது என்று வக்கீலும் சொல்லிவிட்டார்.

எவ்வளவு கொடுப்பது என்று என்னைக் கேட்காதீர்கள். சர்க்கார் வழிகாட்டி மதிப்பு ஒன்று, சந்தை விலை ஒன்று, இரண்டையும் எழுதி எடுத்துக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போங்கள். மாப்பிள்ளை இல்லாத நேரமாகப் போய் அவளிடம் கேளுங்கள். அவள் பணம் வேண்டாம், நிலமே வேண்டும் என்றால் அளந்து கொடுத்துவிடுங்கள்.